ஊரே அடைத்தாலும் ஊசி நிற்கக் கூடாது!

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு ஆரம்பித்தபோது, நம்மில் பெரும்பாலானவர்கள் அரிசி இருக்கா, பருப்பு இருக்கா, கேஸ் எத்தனை நாளைக்கு வரும் என்றுதான் எண்ணிப் பார்த்தோம். ஆனால், சில வீடுகளில் மட்டும் அம்மாவும் அப்பாவும் முதலில் திறந்து பார்த்தது ஃப்ரிட்ஜ் கதவைத்தான். ‘இன்சுலின் இன்னும் எத்தனை பாட்டில் இருக்கு?’

பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி இருக்கிற வீடுகள் அவை. பத்தாவது, பிளஸ் டூ, காலேஜ் என்று படித்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைகள், கொரோனா காலத்தில் ஒரே நேரத்தில் மூன்று பரீட்சை எழுதினார்கள். ஒன்று பாடத்தில், ஒன்று கிருமியோடு, மூன்றாவது தினமும் தங்கள் ரத்தத்தோடு!

‘கொரோனாதான் போயாச்சே, இப்ப எதுக்கு இந்தக் கதை?’ என்கிறீர்களா? உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் கொரோனா அவசரநிலையை முடித்து வைத்தது உண்மைதான். ஆனால் டெங்கு, ஃப்ளூ எல்லாம் வருஷா வருஷம் வருகின்றன. 2023 டிசம்பரில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் வெள்ளம் வந்து தெருவில் கால் வைக்க முடியாமல் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். கடையும் ஆஸ்பத்திரியும் எட்டாமல் போகிற நாள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அன்றைக்கு என்ன செய்வது என்பதைக் கொரோனா நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

இது தாத்தாவுக்கு வந்த சர்க்கரை இல்லை!

‘சின்ன வயசுலேயே சுகரா? நிறைய ஸ்வீட் சாப்பிட்டிருப்பா!’ என்று அக்கம்பக்கத்தில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது சுத்தத் தவறு.

பெரியவர்களுக்கு வழக்கமாக வருவது டைப் 2. அவர்கள் உடம்பில் இன்சுலின் சுரக்கும். ஆனால் போதாது, அல்லது சரியாக வேலை செய்யாது. மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு, நடை என்று பலருக்குச் சமாளித்துவிடலாம்.

பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வருவது டைப் 1. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே குழம்பிப்போய், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது. இதற்கும் லட்டு, ஜிலேபிக்கும் சம்பந்தமே இல்லை. அம்மாவின் வளர்ப்பிலும் குறை இல்லை.

இன்சுலின் என்பது ஒரு சாவி மாதிரி. ரத்தத்தில் ஓடும் சர்க்கரையைச் செல்லுக்குள் அனுப்பும் கதவை அதுதான் திறக்கிறது. சாவி இல்லையென்றால், சாப்பாடு எவ்வளவு இருந்தும் உடம்பு பட்டினிதான். அதனால்தான் இந்தப் பிள்ளைகளுக்கு ஊசி என்பது மருந்து மட்டுமல்ல, மூச்சு மாதிரி.

கனடாவின் டொரான்டோ நகரில் 1921-இல் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குப் போடப்பட்டது. அதற்கு முன்பு, இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுக் கொஞ்ச காலம் தள்ளிப்போடத்தான் முடிந்தது. நூறு வருஷமாகத்தான் இந்தப் பிள்ளைகளுக்கு ‘எதிர்காலம்’ என்ற சொல்லே கிடைத்திருக்கிறது. அதை நாம் அலட்சியமாக விட்டுவிடலாமா?

வீடே பள்ளிக்கூடம் ஆனபோது...

சர்க்கரை உள்ள மாணவருக்கு டைம்டேபிள்தான் பாதி வைத்தியம். ஏழரைக்கு ஊசி, எட்டுக்கு இட்லி, சைக்கிளில் பள்ளி, இடைவேளையில் சுண்டல், சாயங்காலம் விளையாட்டு. இன்சுலின் அளவே இந்த ஓட்டத்தை வைத்துத்தான் கணக்கிடப்பட்டிருக்கும்.

ஊரடங்கில் அந்த டைம்டேபிள் கலைந்துபோனது. ராத்திரி ஒரு மணி வரை செல்போன், காலையில் ஒன்பதரைக்கு முழிப்பு, முகம்கூடக் கழுவாமல் ஆன்லைன் கிளாஸ். சைக்கிளும் இல்லை, பி.டி. பீரியடும் இல்லை. நாலு சுவருக்குள் உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்குமா? முறுக்கு, மிக்சர், பிஸ்கட்! நடை குறைந்து தீனி கூடினால் அதே இன்சுலின் அளவு போதாமல் போகும். சர்க்கரை ஏறும்.

போதாக்குறைக்கு, பரீட்சைக் கவலை. மனசு பதறும்போது உடம்பில் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரக்கும். அவை ஈரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும். எதுவுமே சாப்பிடாமல் சர்க்கரை 280 காட்டுவது இதனாலும்தான். ‘என்னத்தத் தின்னே?’ என்று பிள்ளையைப் பிடித்து உலுக்குவதற்கு முன்னால் இதை நினைவில் வையுங்கள்.

அந்தப் பரீட்சைக் கதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2020 ஜூன் மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்து எல்லோரும் பாஸ் என்று அறிவித்தார்கள். மதிப்பெண்ணுக்குக் காலாண்டு, அரையாண்டுத் தேர்விலிருந்து 80 சதவிகிதம், வருகைப் பதிவிலிருந்து 20 சதவிகிதம். ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் செக்கப்புக்கும் அட்மிஷனுக்கும் லீவு போட்ட பிள்ளைக்கு? அரையாண்டில் சர்க்கரை இறங்கி, பாதிப் பேப்பரை வெறுமையாகக் கொடுத்துவிட்டு, ‘பப்ளிக்ல பாத்துக்கலாம்’ என்று இருந்த பிள்ளைக்கு? நோயால் போன நாட்கள் அப்படியே மார்க்கில் போய் உட்கார்ந்துகொண்டன.

இதிலிருந்து ஒரு பாடம். நாள்பட்ட நோய் உள்ள பிள்ளை லீவு போட்டால், டாக்டர் சான்றிதழைப் பள்ளியில் கொடுத்து, நகலை வீட்டில் ஒரு ஃபைலில் வையுங்கள். ‘எல்லா டீச்சருக்கும் தெரியுமே!’ என்று விட்டுவிடாதீர்கள். டீச்சர் மாறிப் போகலாம், காகிதம் மாறாது.

மூச்சு வாங்கினால் எல்லாம் கொரோனாவா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள். உங்கள் பிள்ளைக்குச் சர்க்கரை இல்லாவிட்டாலும் படியுங்கள்.

இன்சுலின் இல்லாமல் செல்கள் பட்டினி கிடக்கும்போது, உடம்பு வேறு வழியில்லாமல் கொழுப்பை எரிக்கிறது. அதில் கீட்டோன் என்ற அமிலங்கள் சேர்கின்றன. ரத்தமே புளித்துப்போகிற நிலை. டாக்டர்கள் இதை டி.கே.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அமிலத்தை வெளியேற்ற நுரையீரல் வேகமாக, ஆழமாக இழுத்து விடும். பார்ப்பவர்களுக்கு மூச்சுத் திணறல் மாதிரியே இருக்கும்.

2020-இல், 2021-இல் மூச்சு வாங்குகிறது என்றால் எல்லோர் மனசிலும் வந்தது ஒரே சொல்தான். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டுவார்கள். 98 காட்டும். ‘அப்பாடா, ஆக்சிஜன் நல்லா இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொத்திக்க வேணாம்’ என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். டி.கே.ஏ.வில் பெரும்பாலும் ஆக்சிஜன் நன்றாகத்தான் இருக்கும். கெட்டுப்போயிருப்பது ரத்தம்!

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஜெர்மனியில் 2020 மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை புதிதாக டைப் 1 கண்டுபிடிக்கப்பட்ட 532 பிள்ளைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். சுமார் 45 சதவிகிதம் பேர் இந்த அமில நிலையோடுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். முந்தைய இரண்டு வருஷங்களில் இதே மாதங்களில் சுமார் 24 சதவிகிதம்தான். ஏறக்குறைய இரண்டு மடங்கு! வசதியான நாட்டிலேயே இப்படி என்றால்...

புதிதாகச் சர்க்கரை வரும் பிள்ளையிடம் நான்கு அறிகுறிகளைப் பாருங்கள்:

• சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பது

• அடிக்கடி சிறுநீர். படுக்கையை நனைப்பதை நிறுத்திவிட்ட பிள்ளை மறுபடி நனைப்பது

• நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைப்பது

• எப்போது பார்த்தாலும் சோர்வு

இவற்றோடு வயிற்றுவலி, வாந்தி, பழ வாசனை அடிக்கும் மூச்சு, வேக மூச்சு, மயக்க நிலை சேர்ந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. நேராக ஆஸ்பத்திரி. போனவுடன், ‘சுகர் பாருங்க டாக்டர்’ என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், சில விநாடிகள். அவ்வளவுதான்! அந்த ஒரு சொட்டு ஓர் உயிரைக் காப்பாற்றும்.

காய்ச்சல் வந்தால்...

‘பிள்ளை ரெண்டு நாளா ஒண்ணுமே சாப்பிடலை. அப்புறம் எதுக்கு ஊசி?’ இதுதான் அம்மாக்கள் செய்யும் பெரிய தப்புக் கணக்கு. காய்ச்சலில் உடம்பு சண்டை போடும்போது, சாப்பிடாவிட்டாலும் சர்க்கரை ஏறும். பலருக்கு இன்சுலின் கூடுதலாகவே தேவைப்படும்.

• இன்சுலினை ஒருபோதும் அடியோடு நிறுத்தாதீர்கள். அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

• மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை சர்க்கரை பாருங்கள். ராத்திரியும்தான். அலாரம் வையுங்கள்.

• 250-க்கு மேல் போனாலோ வாந்தி எடுத்தாலோ, சிறுநீரில் கீட்டோன் இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்ட்ரிப் மருந்துக் கடையில் கிடைக்கும். வீட்டில் ஒரு டப்பா இருக்கட்டும்.

• கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஆகாரம். சர்க்கரை ஏறியிருந்தால் தண்ணீர், ரசம், உப்புப் போட்ட மோர். இறங்கியிருந்தால் சர்க்கரை போட்ட கஞ்சி, ஜூஸ்.

• கீட்டோன் இருக்கும்போது, ‘நடந்தா குறைஞ்சிடும்’ என்று பிள்ளையை நடக்க வைக்காதீர்கள். இன்னும் மோசமாகும்.

• வாந்தி நிற்காவிட்டாலும், கீட்டோன் அதிகம் காட்டினாலும், பிள்ளை தூங்கி வழிந்தாலும் போனில் ஆலோசனை போதாது. நேரில் போங்கள்.

போன் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஊரடங்கு தொடங்கிய அதே 2020 மார்ச் 25 அன்றுதான் போனிலும் வீடியோவிலும் டாக்டர்கள் வைத்தியம் பார்ப்பதற்கான விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. அந்த வழக்கம் இன்றும் நல்லதுதான். ஆனால் ‘டாக்டர், சுகர் கொஞ்சம் ஜாஸ்தி’ என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? தேதி, நேரம், சர்க்கரை அளவு, போட்ட இன்சுலின், சாப்பிட்டது... ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போட்டு எழுதுங்கள். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.

திடீரென்று இறங்கினால்...

70-க்குக் கீழே வந்தால் தாழ்நிலை. வியர்வை, கை நடுக்கம், அகோரப் பசி, காரணமில்லாத கோபம். ஆன்லைன் கிளாஸில் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லாமல் இருந்த பிள்ளையைக் ‘கவனமே இல்லை’ என்று திட்டியவர்கள் உண்டு. பாவம், மூளைக்கே சர்க்கரை போகாதபோது கவனம் எங்கிருந்து வரும்?

உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு தடவை. ஏறியதும் இரண்டு பிஸ்கட்டோ ஒரு இட்லியோ கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-க்குப் போன் செய்யுங்கள்.

மருந்துக் கடையில் ஒரு கண்!

ஊரடங்கில் வழக்கமான இன்சுலின் கிடைக்காமல், ‘இதுவும் அதேதாங்க’ என்று கடைக்காரர் கொடுத்ததை வாங்கிவந்த வீடுகள் உண்டு. இங்கேதான் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது.

நம் ஊரில் சிரிஞ்சில் போடும் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். பேனா கெட்டுப்போச்சே என்று கார்ட்ரிட்ஜிலிருந்து 40 யூனிட் சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்டால், 10 யூனிட் போகவேண்டிய இடத்தில் 25 யூனிட் போய்விடும்! சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. பாட்டில் மேல் எழுதியிருப்பதையும் சிரிஞ்சு மேல் எழுதியிருப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஊசியைத் தொடாதீர்கள்.

இனி பாதுகாப்பு. திறக்காத இன்சுலின் ஃப்ரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கட்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால் அது குப்பைக்குத்தான். திறந்த பாட்டில், அதிகச் சூடில்லாத இடத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். திறந்த தேதியை மேலே எழுதி ஒட்டுங்கள். கத்திரி வெயிலில் கரண்ட் போய்விட்டால்? பாட்டி காலத்துப் பானை கைகொடுக்கும். பெரிய பானைக்குள் ஈர மணல், அதன் மேல் சின்னப் பானை, அதற்குள் தண்ணீர் புகாத டப்பாவில் இன்சுலின், மேலே ஈரத்துணி. ஆகும் செலவு கொஞ்சம்தான்.

எப்போதும் குறைந்தது ஒரு மாதக் கையிருப்பு வேண்டும். கடைசிப் பாட்டிலைத் திறக்கும் நாளில் அல்ல, கடைசிக்கு முந்தியதைத் திறக்கும் நாளில் கடைக்குப் போங்கள். பணக் கஷ்டமா? கூச்சப்படாமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்சுலினை அங்கே இலவசமாகத் தருகிறார்கள்.

கஷாயமும் கறுப்புப் பூஞ்சையும்

கொரோனா காலத்தில் கபசுரக் குடிநீர் குடிக்காத வீடு உண்டா? கசக்கிறது என்று தேன், கருப்பட்டி, பனங்கற்கண்டு கலந்து கொடுத்தோம். இந்த மூன்றும் சர்க்கரைதான்! இருமல் சிரப்பிலும் சர்க்கரை உண்டு. கஷாயம் கொடுப்பதாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அதை நம்பி ஊசியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, ஸ்டீராய்டு. ஆக்சிஜன் குறைந்த கொரோனா நோயாளிகளுக்கு உயிர் காத்த மருந்து அது. ஆனால் சர்க்கரையைக் கிடுகிடுவென்று ஏற்றிவிடும். 2021-இல் இரண்டாவது அலையில் பரவிய கறுப்புப் பூஞ்சை, கட்டுக்கடங்காத சர்க்கரை உள்ளவர்களையும் ஸ்டீராய்டு எடுத்தவர்களையும்தான் அதிகம் தாக்கியது. பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த சீட்டை வைத்து மாத்திரை வாங்காதீர்கள். எதற்காக டாக்டரிடம் போனாலும், ‘பிள்ளைக்குச் சுகர் இருக்கு’ என்பது உங்கள் முதல் வாக்கியமாக இருக்கட்டும்.

மனசுக்கு என்ன மருந்து?

ஊரடங்கில் வீடு முழுக்க ஆட்கள். ஒவ்வொரு ஊசியும், ஒவ்வொரு பிஸ்கட்டும் நாலு பேர் கண்ணில் பட்டது. ‘இது சாப்பிடலாமா?’, ‘இப்ப எவ்ளோ காட்டுது?’ என்று நாள் முழுக்கக் கேள்வி. டி.வி.யைப் போட்டால், ‘சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபத்து’ என்ற செய்தி. 15 வயதைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி வந்ததே 2022 ஜனவரியில்தான். அதுவரை பயந்து பயந்து கதவோரம் நின்ற பிள்ளையின் மனசை நினைத்துப் பாருங்கள்.

பெண் பிள்ளை என்றால் இன்னொரு பூட்டும் உண்டு. ‘யார்கிட்டயும் சொல்லாதே, நாளைக்குக் கல்யாணம்னு வந்தா...’ இதைக் கேட்டு வளரும் பெண் ஹாஸ்டலில் பாத்ரூமுக்குள் ஒளிந்து ஊசி போடுவாள். ஒரு நாள் கூச்சத்தில் போடாமலே விடுவாள். நாம் மறைத்துக் காப்பாற்ற நினைப்பது மானத்தை. பணயம் வைப்பது அவள் உயிரை.

சர்க்கரை அளவை மார்க் மாதிரி பேசாதீர்கள். ‘300-ஆ? உருப்படுவியா?’ என்று திட்டினால், அடுத்த தடவை பிள்ளை நோட்டில் 140 என்று பொய் எழுதும். ‘300 காட்டுதா? சரி, இப்ப என்ன பண்ணலாம்?’ என்று கேளுங்கள். உண்மை எண் உங்களுக்குக் கிடைக்கும். பிள்ளை தொடர்ந்து ஊசியைத் தட்டிக் கழித்தாலோ, சாப்பிடாமல் தூங்காமல் ஒதுங்கினாலோ, மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போவதில் தப்பே இல்லை.

பள்ளியில், ஹாஸ்டலில்...

கிளாஸ் டீச்சர், பி.டி. மாஸ்டர், நெருங்கிய தோழி ஒருத்தி, ஹாஸ்டல் வார்டன்... இவர்களுக்குக் கட்டாயம் சொல்லி வையுங்கள். பையில் எப்போதும் குளுக்கோஸ், பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டை இருக்கட்டும்.

பொதுத் தேர்வு என்றால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். டைப் 1 மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோக சி.பி.எஸ்.இ. 2017-லேயே அனுமதி அளித்தது. டாக்டர் சான்றிதழோடு பள்ளி மூலம் விண்ணப்பிக்க வேண்டும். மற்ற பாடத்திட்டத்தில் படிப்பவர்களும் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

கேட்கிறார்கள்... சொல்கிறோம்

‘சர்க்கரை உள்ள பிள்ளைக்குத் தொற்று சீக்கிரம் வருமா?’

மற்ற பிள்ளைகளைவிட எளிதாகத் தொற்றிக்கொள்ளும் என்று பயப்பட வேண்டாம். வந்தால் சர்க்கரை தறிகெட்டுப் போவதுதான் ஆபத்து. கட்டுப்பாட்டில் இருக்கும் பிள்ளை நன்றாகவே தாண்டி வரும். ஃப்ளூ உள்ளிட்ட தடுப்பூசிகளைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

‘சானிடைசர் போட்ட விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கலாமா?’

சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துவதுதான் நல்லது. சானிடைசர் ஈரம் கணக்கைக் கெடுக்கலாம். மாம்பழம் உரித்த கையோடு குத்தினால் சர்க்கரை 400 என்றுகூடக் காட்டும்!

‘ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாறலாமா?’

டைப் 1-இல் முடியாது. ‘நாங்கள் நிறுத்திக் காட்டுகிறோம்’ என்று யார் சொன்னாலும், எந்த விளம்பரம் வந்தாலும் நம்பாதீர்கள். ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

இன்றைக்கே ஒரு டப்பா!

மழைக்காலம் வருவதற்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுங்கள். அதில் சிரிஞ்சு அல்லது பேனா ஊசி, குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப், கீட்டோன் ஸ்ட்ரிப், குளுக்கோஸ் பாக்கெட், உப்பு சர்க்கரைக் கரைசல் பொடி, டாக்டர் சீட்டின் நகல், இரண்டு போன் நம்பர்கள் போட்டு மூடுங்கள். ‘ஃப்ரிட்ஜிலிருந்து இன்சுலினை எடு’ என்று மூடி மேல் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். மாதம் ஒரு தடவை தேதி பாருங்கள். அந்த வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். தன் உடம்பின் சாவி தன் கையில்தான் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிவதைவிடப் பெரிய தைரியம் வேறென்ன?